விளைச்சல் முதல் விற்பனை வரை: சிக்கலைச் சமாளிக்கும் நிர்வாகம்

நல்ல விதை, தக்க பருவம், அளவான உரம், காலத்தே செய்யும் பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை கூடினால் விளைச்சல் உயரும் என்பதை உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். ஆனால் உயர்ந்த விளைச்சல் உயர்ந்த வருமானமாக மாறுவது, அறுவடைக்குப் பின் நடக்கும் செயல்களைப் பொறுத்தது. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் நகரங்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்ற தக்காளி, அதே ஆண்டு செப்டம்பரில் பறிப்புக் கூலிக்கும் கட்டாத விலைக்கு இறங்கியது. இந்த இரண்டு மாதங்களில் சாகுபடி முறை எதுவும் மாறிவிடவில்லை. எவ்வளவு சரக்கு, எந்த நாளில், எந்தச் சந்தைக்கு வந்து சேர்ந்தது என்பதே மாறியது.

இன்று பல ஊர்களில் உழவர்கள் ஒன்றுகூடி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை அமைத்து வருகின்றனர். 2002-இல் கம்பெனிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி வகுத்தது. இத்தகைய 10,000 அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2020-இல் தொடங்கியது. இவற்றில் இயக்குநராகப் பொறுப்பேற்கும் உழவர், தம் வயலை மட்டும் கவனித்தால் போதாது. நூற்றுக்கணக்கான வயல்களிலிருந்து வரும் சரக்கையும் நிர்வகிக்க வேண்டியவராகிறார். அதில் தவறு நேர்ந்தால் உறுப்பினர்கள் செலுத்திய பங்குத் தொகை கரைவதோடு, அவர்கள் வைத்த நம்பிக்கையும் கரைந்துவிடும். ஆகவே, பலர் சேர்ந்து நடத்தும் விற்பனையில் எழும் சிக்கல்களை அனுபவம் மிக்க நிர்வாகிகள் எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை இங்குப் பாடமாகக் காண்போம். இதற்கு, குஜராத் மாநிலம் ஆனந்தில் வளர்ந்த பால் கூட்டுறவை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

வழங்கல் சங்கிலி

ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து நுகர்வோர் கையை அடையும் வரை உள்ள எல்லாக் கட்டங்களையும் சேர்த்து வழங்கல் சங்கிலி என்கிறோம். பறித்தல், தரம் பிரித்தல், கட்டுதல், ஏற்றுதல், இருப்பு வைத்தல், மொத்த விற்பனை, சில்லறை விற்பனை ஆகியவை இதன் கண்ணிகள். இச்சங்கிலியில் மூன்று ஓட்டங்கள் உண்டு. சரக்கு வயலிலிருந்து நகரத்துக்குப் போகிறது. பணம் நகரத்திலிருந்து வயலுக்கு வருகிறது. செய்தி இரு பக்கமும் போய்வருகிறது. பெரும்பாலான உழவர் குழுக்கள் சரக்கின் மீதே கண் வைத்துச் செய்தியைக் கவனிக்கத் தவறுகின்றன. பின்னால் வரும் தொல்லைகள் பலவற்றுக்கும் இதுவே வித்தாகிறது.

சிக்கல் எங்கிருந்து பிறக்கிறது?

(அ) எண்ணிக்கை: 60 உழவர்கள் 8 வியாபாரிகளிடம் தனித்தனியே விலை பேசினால் 480 தொடர்புகள் உண்டாகின்றன. நடுவில் ஒரு குழு நின்று எல்லாருக்காகவும் பேசினால் 60 உழவர் தொடர்பு, 8 வியாபாரி தொடர்பு, ஆக 68 தொடர்புகள் போதும். குழு அமைப்பதன் முதல் பயன் இதுவே. ஆனால், குழுவின் அலுவலகம் சரிவர இயங்காவிடில் அந்த 68 தொடர்புகளும் ஒரே இடத்தில் முடிச்சு விழும் என்பதையும் மறக்கலாகாது.

(ஆ) அழுகும் தன்மை: பாலில் உள்ள நுண்ணுயிர்கள் 30 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடும். அவ்வாறு பெருகினால் ஐந்து மணி நேரத்தில் ஒன்று ஆயிரமாகும். காலதாமதமே இங்கு நட்டம்.

(இ) பருவ ஏற்றத்தாழ்வு: நுகர்வோர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் வாங்குகின்றனர். விளைச்சலோ சில வாரங்களில் குவிந்து, சில வாரங்களில் வற்றிவிடுகிறது.

(ஈ) திரிந்து வரும் செய்தி: ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வாரம் 100 பெட்டி விற்கும் கடையில் ஒரு வாரம் 110 பெட்டி விற்பனையாகிறது. இன்னும் கூடும் என்று எண்ணிக் கடைக்காரர் 120 கேட்கிறார். இதைக் கண்ட மொத்த வியாபாரி, கைவசம் இருக்கட்டும் என்று 140 கேட்கிறார். ஊருக்கு வரும் தரகர் 180 பெட்டி வேண்டும் என்கிறார். உண்மையில் கூடியது 10 பெட்டியே. ஊருக்கு வந்து சேர்ந்த செய்தியோ 80 பெட்டி கூடுதல் என்பது. கைப்பிடியில் சிறிதாக அசைத்த சாட்டை நுனியில் பெரிதாக வீசுவது போன்றது இது. அமெரிக்க அறிஞர் ஜே ஃபாரஸ்டர் 1961-இல் இத்தகைய ஊசலாட்டத்தை விளக்கி எழுதினார். பிற்காலத்தில் நிர்வாக இயலார் இதற்குச் சாட்டை விளைவு என்றே பெயரிட்டனர். குழந்தைகளுக்கான அணையாடை போன்ற, நாள்தோறும் ஒரே சீராகப் பயன்படும் பொருளிலும் இது காணப்பட்டது. வேளாண்மையில் இதன் வேகம் இன்னும் கடுமை. இன்று கேட்ட செய்தியை நம்பி நாற்று விட்டால், காய் பறிப்புக்கு வர மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் தேவை மாறியிருக்கும். அதே செய்தியைக் கேட்டு நட்ட பக்கத்து மாவட்டச் சரக்கும் சந்தைக்கு வந்திருக்கும்.

ஆனந்தில் நேர்ந்த நெருக்கடி

அன்றைய கேடா மாவட்ட உழவர்கள் 1946-க்கு முன்னர் தம் பாலைத் தனியார் ஒப்பந்தக்காரர்களுக்கே விற்க வேண்டியிருந்தது. 400 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பம்பாய் நகரில் பாலுக்கு நல்ல விலை இருந்தும், அதன் பயன் கறப்பவருக்குக் கிட்டவில்லை. 1946 ஜனவரியில் சமர்க்கா என்ற ஊரில் கூடிய உழவர்கள், தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது என்று முடிவு செய்தனர். 15 நாட்கள் பால் தராமல் போராடினர். அவ்வாண்டு டிசம்பரில் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் அதன் தலைவராக இருந்து வழிநடத்தினார். வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்கு வந்து, பின்னர் அதன் நிர்வாகப் பொறுப்பை ஏற்றார்.

போராட்டத்தில் வென்றதும் தொல்லை தீர்ந்துவிடவில்லை. எருமை, குளிர்காலத்தில் கோடையைப் போல இரண்டரை மடங்கு வரை பால் தரும். பம்பாயோ ஆண்டு முழுவதும் ஒரே அளவு பாலையே ஏற்றது. எனவே குளிர்காலத்தில் மிஞ்சிய பாலை ஒன்றியம் வாங்க இயலாமற் போனது. கோடையில் வாங்கிக்கொண்டு குளிர்காலத்தில் கைவிரிக்கும் அமைப்பை உறுப்பினர் எத்தனை நாள் நம்புவர்? கூட்டுறவு நிலைக்குமா, கலையுமா என்பதே அன்றைய கேள்வி.

அன்று எருமைப் பாலைத் தூளாக்க முடியாது என்பது வெளிநாட்டு வல்லுநர் பலரின் கருத்து. பால் தொழில்நுட்ப அறிஞர் எச்.எம். தலாயா அது முடியும் என்று செய்து காட்டினார். யுனிசெஃப், நியூசிலாந்து ஆகியவற்றின் உதவியோடு அமைந்த பால் பவுடர், வெண்ணெய்த் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் நேரு திறந்து வைத்தார். அதன்பின் குளிர்காலப் பால் தூளாகவும் வெண்ணெயாகவும் மாறி இருப்பில் நின்றது. உறுப்பினர் கொண்டுவரும் பாலைத் திருப்பி அனுப்ப வேண்டிய நிலை நீங்கியது.

நிர்வாகிகள் கையாண்ட வழிகள்

1. முடிவுகளைப் படிப்படியாகப் பிரித்தல்

ஊர்தோறும் ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம், மாநிலத்துக்கு ஓர் இணையம் என்ற மூன்றடுக்கு முறை அமைந்தது. யாருடைய பால் வந்தது, எவ்வளவு, என்ன தரம் என்பதை ஊர்ச் சங்கம் பார்க்கும். எந்த வண்டி எந்த வழியில் எந்நேரம் போகவேண்டும், பாலைப் பதப்படுத்துவது எப்படி என்பதை ஒன்றியம் பார்க்கும். எந்த நகரில் எதை என்ன விலைக்கு விற்பது என்பதை இணையம் பார்க்கும். ஒரு முடிவுக்கு வேண்டிய செய்தி எங்கு முதலில் கிடைக்கிறதோ, அங்கேயே அம்முடிவை எடுக்க வேண்டும் என்பதே இதிலுள்ள தத்துவம். ஒரு கேன் பால் திரிந்ததா என்று கேட்க மாநிலத் தலைநகருக்கு ஆள் அனுப்புவது எவ்வளவு வீணோ, பம்பாயில் வெண்ணெய் என்ன விலை என்று ஒவ்வோர் ஊரும் தனித்தனியே ஆராய்வதும் அவ்வளவு வீண்.

2. எல்லா ஊரிலும் ஒரே முறை

குஜராத் இணையத்தில் இன்று 18,000-க்கும் மேற்பட்ட கிராமச் சங்கங்களும், சுமார் 36 லட்சம் உற்பத்தியாளர்களும் உள்ளனர். ஊருக்கு ஒரு முறை என்று விட்டிருந்தால் எந்த நிர்வாகியாலும் இதைக் கட்டி மேய்க்க முடியாது. அளவை, மாதிரி எடுத்தல், பதிவேடு, பட்டுவாடா ஆகியவை எல்லாச் சங்கங்களிலும் ஒரே மாதிரி அமைந்தன. ஓர் ஊரில் கற்ற பாடம் மறு ஊருக்கு அப்படியே பொருந்தியது. சங்கம் பெருகப் பெருகச் சிக்கல் அதே அளவில் பெருகாமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

3. நுழைவாயிலிலேயே தரம் அளத்தல்

பாலுக்கு லிட்டர் கணக்கில் மட்டும் விலை கொடுத்தால் என்னவாகும்? 9 லிட்டர் பாலில் ஒரு லிட்டர் நீர் சேர்ப்பவர் 10 லிட்டருக்குப் பணம் பெறுவார், நேர்மையாளர் நட்டப்படுவார். கொழுப்புச் சத்தைக் கொண்டு விலை போட்டுப் பாருங்கள். 7 சதவீதக் கொழுப்புள்ள 9 லிட்டர் பாலில் ஏறத்தாழ 630 கிராம் கொழுப்பு இருக்கும். நீர் சேர்த்தபின் 10 லிட்டர், 6.3 சதவீதம், கொழுப்பு அதே 630 கிராம்தான். நீர் ஊற்றியதால் ஒரு காசும் கூடவில்லை. ஆயினும், கொழுப்பு குறைந்த பசும்பாலுக்கு இம்முறை பாதகமானது. ஆகவே கொழுப்பு, இதரச் சத்து ஆகிய இரண்டையும் சேர்த்து விலை கணக்கிடும் முறை வந்தது. ஆயிரம் பேரைக் கண்காணிக்க ஆயிரம் காவலர் வேண்டாம்; நேர்மையே ஆதாயம் என்று ஆக்கும் ஓர் அளவுகோல் போதும்.

4. மிகுதிக்கு ஒரு வடிகால்

ஆங்கிலேய அறிஞர் ராஸ் ஆஷ்பி 1956-இல் ஒரு விதியை விளக்கினார். வெளியிலிருந்து எத்தனை விதமான மாறுதல் வந்து தாக்குகிறதோ, அதற்கு ஈடான மாற்று வழிகள் நிர்வாகியின் கையில் இருந்தாலே அவர் அதைச் சமாளிக்க முடியும் என்பது அதன் கருத்து. பாலாக மட்டும் விற்றபோது ஆனந்துக்கு ஒரே வழி. பால், வெண்ணெய், பவுடர் என்று ஆனபின் மூன்று வழிகள். வெள்ளக் காலத்தில் ஏரிக்குக் கலிங்கு எப்படியோ, பாலுக்குத் தூள் ஆலை அப்படி. கலிங்கு ஆண்டில் பல நாட்கள் சும்மாதான் கிடக்கும். அதனால் அதை அடைத்துவிடுவார் உண்டா? தூள் ஆலையும் கோடையில் முழு அளவில் ஓடாது. அந்த வீண்போலத் தோன்றும் செலவே உறுப்பினருக்குக் காப்பீடு.

5. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு

1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற் கட்டத்தில் பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்கள் பால் வளமிக்க மாவட்டங்களோடு இணைக்கப்பட்டன. குளிரூட்டிய பால், வெப்பம் புகாத டாங்கர்களில் சாலை வழியும் இரயில் வழியும் நெடுந்தூரம் சென்றது. வற்றிய பருவத்தில் தூளும் வெண்ணெய்க் கொழுப்பும் பாலாக மாற்றப்பட்டன. ஒரு பகுதியின் மிகுதி வேறு பகுதியின் குறைவை ஈடு செய்ததால், தனித்தனியே பார்த்தால் பெரிதாயிருந்த ஏற்றத்தாழ்வு மொத்தத்தில் சிறிதாயிற்று.

6. விற்பனைக்கு ஒரே கை

1973-இல் குஜராத்தின் மாவட்ட ஒன்றியங்கள் சேர்ந்து மாநில விற்பனை இணையத்தை அமைத்தன. ஒரே நகரில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாமல், ஒரே பெயரில் விற்றன. தேவை பற்றிய செய்தியும் ஒரே இடத்தில் சேர்ந்ததால், எந்த ஆலையில் எதை எவ்வளவு செய்வது என்று திட்டமிட முடிந்தது. சாட்டை விளைவைத் தணிக்க இதுவே சிறந்த வழி. தமிழ்நாட்டிலும் 1981 முதல் ஊர்ச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற இதே அமைப்பில் ஆவின் இயங்கி வருகிறது.

தேவையான சிக்கல், தேவையற்ற சிக்கல்

மேற்கண்ட ஆறு வழிகளையும் உற்று நோக்கினால் ஒன்று விளங்கும். நிர்வாகிகள் எல்லாச் சிக்கலையும் ஒழிக்க முற்படவில்லை. ஊருக்கொரு முறை, ஆளுக்கொரு விலை போன்ற பயனற்ற சிக்கலைக் களைந்தனர். பல பொருள், பல சந்தை போன்ற பயனுள்ள சிக்கலைத் துணிந்து ஏற்றனர். உங்கள் குழுவிலும் எந்தப் புதுப் பணியை எடுக்கும் முன்பும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்: இந்தக் கூடுதல் சிரமம் நமக்கு ஒரு மாற்று வழியைத் தருகிறதா, அல்லது சிரமமாக மட்டுமே நிற்கிறதா?

பால் முறை எங்கே பொருந்தாது?

ஆனந்து முறையை அப்படியே காய்கறிக்குப் பெயர்த்து நட இயலாது. முதலாவதாக, தக்காளிக்குப் பால் தூள் போன்ற எளிய வடிகால் இல்லை. கூழ் தயாரிக்கும் ஆலைகள் தமக்கேற்ற இரகங்களையே விரும்புகின்றன. தரும் விலையும் குறைவு. இரண்டாவதாக, பால் நாள்தோறும் இருவேளை வருவதால் சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் தொடர்பு அறுவதில்லை. காய்கறியில் பருவம் முடிந்ததும் தொடர்பு விட்டுப்போகிறது. விலை ஏறும் நாளில் உறுப்பினர் வெளியில் விற்கும் ஆசையும் கூடுகிறது. மூன்றாவதாக, பால் கூட்டுறவுகளும் எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவில் வெற்றி பெறவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைமையும் தொழில் தெரிந்த நிர்வாகியும் ஒருவர் வேலையில் ஒருவர் குறுக்கிடாமல் இயங்கிய இடங்களிலேயே அவை தழைத்தன.

உங்கள் குழுவில் செய்ய வேண்டியவை

60 உழவர்கள் கொண்ட ஒரு தக்காளிக் குழுவை மனத்தில் கொண்டு கீழ்க்கண்ட பரிந்துரைகள் தரப்படுகின்றன.

1. வயல் முதல் கடை வரை உள்ள எல்லாக் கட்டங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம், வீணாகும் அளவு, முடிவெடுப்பவர் யார் என்பதைக் குறியுங்கள். முடிவெடுப்பவர் பெயர் இல்லாத கட்டத்தில்தான் பெரும்பாலும் நட்டம் ஒளிந்திருக்கும்.

2. இரகங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம். தரம் இரண்டு அல்லது மூன்றாக இருக்கட்டும். பெட்டி ஒரே அளவாக இருந்தால் எண்ணுவதும் ஏற்றுவதும் கணக்கு முடிப்பதும் எளிது. பெட்டியை விளிம்புக்கு மேல் நிரப்பி அடுக்குவதைத் தவிர்க்க வேண்டும்.

3. நீர் வசதியும் பருவமும் இடம் தரும் அளவுக்கு, உறுப்பினர்களை நான்கு தொகுதிகளாக்கி 15 நாள் இடைவெளியில் நடவு செய்யுங்கள். பறிப்புப் பல வாரம் நீடிப்பதால் வரத்து நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடாது. ஆயினும் உச்சம் தணிந்து, விற்பனைக் காலம் நீளும். யார் எந்தத் தொகுதி என்பதை ஆண்டுதோறும் சுழற்சி முறையில் மாற்றினால் மனத்தாங்கல் எழாது.

4. சந்தைக்கேற்ற பருவத்தில் பறியுங்கள். தொலைவுச் சந்தைக்கு நிறம் மாறத் தொடங்கும் காயும், உள்ளூர்ச் சந்தைக்குச் சிவந்த பழமும் ஏற்றவை. ஒரே நாள் பறிப்பை இரண்டாகப் பிரிப்பதால், இரண்டு சந்தைகள் என்ற மாற்று வழி கிட்டுகிறது.

5. தரம் பார்ப்பதைக் கொண்டுவந்த உழவரின் கண்ணெதிரே, சேகரிப்பு இடத்திலேயே முடியுங்கள். எடையும் தரமும் எழுதிய சீட்டை அப்போதே கொடுங்கள். சந்தைக்குப் போனபின் கழிவு என்று சொல்லிக் கழிப்பது சண்டைக்கே வழி.

6. ஒரே வியாபாரியிடம் பாதிச் சரக்குக்கு மேல் ஒப்படைக்காதீர்கள். முதன்மை வாங்குபவர், இரண்டாம் வாங்குபவர், மிஞ்சியதை எடுப்பவர் என மூவரோடு பருவம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்.

7. வியாபாரியிடம் எத்தனை பெட்டி வேண்டும் என்று மட்டும் கேட்காமல், நேற்று எத்தனை விற்றது, எத்தனை மிஞ்சியது என்றும் கேட்டுக் குறித்து வாருங்கள். சாட்டையின் நுனியைப் பார்த்து நாற்று விடுவதைவிட, கைப்பிடியைப் பார்த்து விடுவது நல்லது.

8. வார விலையைச் சராசரியாக்கிப் பட்டுவாடா செய்யுங்கள். ஒரே நாளில் முதல் லாரிக்கு கிலோ 18 ரூபாயும், சம எடையுள்ள இரண்டாம் லாரிக்கு 10 ரூபாயும் கிடைத்ததாகக் கொள்வோம். தனித்தனியே கொடுத்தால் மறுநாள் எல்லாரும் முதல் லாரிக்கே முண்டுவர். ஒரே தரத்துக்கு 14 ரூபாய் என்று பகிர்ந்தால் லாரி வரிசை பற்றிய பேச்சு எழாது. இவ்விதியை விலை இறங்கிய பின் கொண்டுவரக் கூடாது. நடவுக்கு முன்பே பொதுக் கூட்டத்தில் ஏற்க வேண்டும்.

9. பயிர்களில் ஒன்றாவது இருப்பு வைக்கத்தக்கதாக இருக்கட்டும். நன்கு உலர்த்திய சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் வைத்து விற்பதும், மஞ்சளைப் பதப்படுத்தி இருப்பு வைப்பதும் நம் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்த முறைகள். தக்காளி தராத அவகாசத்தை இவை தரும்.

10. இலாபத்தில் ஒரு பகுதியை நெருக்கடி நிதியாக ஒதுக்குங்கள். ஒரு லாரி பழுதானாலோ, ஒரு நாள் சந்தை அடைத்தாலோ குழு முழுவதும் முடங்கிப் போகாமல் அது காக்கும்.

வாரம் ஒருமுறை கேட்க வேண்டிய கேள்விகள்

குழுவின் நிர்வாகிகள் வாரந்தோறும் கூடி ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி வைத்தால் பல தொல்லைகள் முளையிலேயே தெரியவரும். வரும் வாரம் எவ்வளவு சரக்கு வரும்? அதில் எவ்வளவுக்கு வாங்குபவர் உறுதி? சென்ற வாரம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு வீணாயிற்று? யாருக்காவது பணம் பாக்கி உள்ளதா? எதிர்பார்த்ததில் எது நடக்கவில்லை, ஏன்?

கேடா மாவட்டத்தில் இரண்டு சிற்றூர்ச் சங்கங்களும் நாளொன்றுக்கு சுமார் 250 லிட்டர் பாலுமாகத் தொடங்கிய முயற்சியே பின்னர் நாடு முழுவதற்கும் வழிகாட்டியது. அன்று அவர்களிடம் பெரிய ஆலை இல்லை. கொண்டுவந்த பாலைச் சரியாக அளப்பது, உரிய பணத்தைத் தவறாமல் கொடுப்பது, கூடுதலாக வந்தாலும் திருப்பி அனுப்பாமலிருக்க வழி தேடுவது ஆகிய மூன்றுமே அவர்களின் மூலதனம். புதிதாகக் குழு அமைத்துள்ள உழவர்களும் வரும் பருவ நடவுக்கு முன் பொதுக் கூட்டத்தைக் கூட்டி, மேற்கண்டவற்றில் தம் ஊருக்குப் பொருந்துவனவற்றைத் தேர்ந்து தீர்மானமாக எழுதிக்கொண்டு செயல்பட்டால், விளைவித்ததன் பயனை முழுமையாகப் பெறலாம்.